அலெக்சிசின் நாலு வரி

அன்புள்ள அம்மாவுக்கு,

மடுத்தீன் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா?

தவக்காலத்தில் நற்செய்தியைக் கையால் எழுதி வரும்படி இங்குள்ள பங்குச் சுவாமி சொன்னார். நான் மூன்றே வாரத்தில் முடித்துவிட்டேன். என்னோடு அறையில் இருக்கும் அலெக்சிஸ் நாளுக்கு நாலு வரிதான் எழுதுவான். பிறகு லா சப்பலில் நம்மவர் கடைக்கு வேலைக்குப் போகும் ரயிலில் அதையே முணுமுணுப்பான். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவனுடைய அகதி வழக்கை மறுபடியும் நிராகரித்துக் கடிதம் வந்தது. ஆறுதல் சொல்லப் போனேன். "இண்டைக்கு எழுத வேண்டிய நாலு வரி கிடக்கு அண்ணை. எழுதிப்போட்டுச் சாப்பிடுவம்" என்று கொப்பியை எடுத்தான்.

அன்றிலிருந்து அவனைப் பார்த்தாலே எரிச்சல், அம்மா. விசா கிடைத்தவன் நான். அதற்குக் காத்திருந்த மாதங்களில் ஒரு நாள்கூட ஒழுங்காகத் தூங்கவில்லை. அவனோ குறட்டை விடுகிறான். என் கொப்பியைத் திறந்து பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான், ஒரு வரியும் மனதில் இல்லை.

யாராவது இங்கே வந்தால் ஒரு புதுக் கொப்பி கொடுத்துவிடுங்கள். இங்கேயும் விற்கிறார்கள்தான். ஆனால் அதில் நற்செய்தியின் முதல் நாலு வரியை நீங்கள் எழுதி அனுப்புங்கள். கொப்பி ஒன்று போதும், அவனுக்கு வேண்டாம்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மகன்
மடுத்தீன்