இறக்கை முடிந்ததும் வருகிறேன்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நான் இன்னும் தூக்கிப் பார்க்காத பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், எப்போதும் அதே நினைப்புதான். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை கூப்பிட்டேன், குழந்தை பால் குடித்தாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பிரசவத்துக்குக் கூப்பிட்டபோது இங்கே தொழிற்சாலையில் விமான இறக்கை வேலை முடிந்ததும் வருகிறேன் என்றேன். வேலையும் முடிந்தது. நான் கிளம்ப வேண்டிய அன்று காலையில் கருவிகளை எண்ணினால் ஒன்று குறைகிறது, இடுக்குகளுக்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி. எங்கள் இடத்தில் ஒரு திருகாணி காணாமல் போனாலும் அது விமானத்துக்குள்தான் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும், கிடைக்கும்வரை எதுவும் வெளியே போகாது. மூடிய இறக்கையைத் திரும்பப் பிரித்தார்கள். நீங்க கெளம்புங்க, நாங்க பாத்துக்கிறோம் என்று இறக்கையைச் சோதிக்கிற ஆய்வாளர் அம்மா எவ்வளவோ சொன்னார்கள். திட்ட மேலாளரான நான் இல்லாமல் ஒரு துரும்பும் நகராது என்ற நினைப்பு எனக்கு, டிக்கெட்டை ரத்து செய்தேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை போன் செய்து பெண் குழந்தை என்றார், வலியில் அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்ததையும் சொன்னார். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடி, நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டுப் பையில் கைவிட்டேன், அந்தக் கண்ணாடி கையோடு வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் நானே ஒரு மூலையைப் பார்த்துவிட்டு மறதியாகப் பையில் போட்டிருக்கிறேன்.

அப்போதே எல்லாரையும் கூப்பிட்டு என் தவறுதான் என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தொழிற்சாலை முழுக்கச் சொன்னேன், உன்னிடம் மட்டும் வேலை இழுத்துவிட்டது என்று மழுப்பினேன், உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் வரவும் இல்லை. மூன்று மாதமாக அது உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் அறுபது பேரின் வேலைக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை, பிரிட்ஜ் முனகுகிற சத்தம்தான் துணை. தனியாக இருப்பதுகூடப் பழகிவிடும் போலிருக்கிறது. எப்போது வருகிறாய் என்று நீ குழந்தை பிறந்த பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, குழந்தை தூங்கும்போது நீயும் படு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். நான் விடுப்பு வாங்கிவிட்டேன், நாள் மட்டும் குறிக்கவில்லை. இந்தத் தடவை நீயே சொல். வர வேண்டாம் என்றாலும் அதையே எழுது.

அம்மா