மூடுபாலத்தில் நுழைந்த விளக்கு

அன்பு மகளே,

நீ தடுத்தும் போய்விட்டேன். அப்பா இறந்தபின் வந்த முதல் இலையுதிர்காலம். வெர்மான்ட் மலை முழுக்க மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும்போது மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் பூட்டிவைக்க மனம் வரவில்லை.

ஏற்றத்தில் பக்கக் கண்ணாடியில் ஒற்றை விளக்கு தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது.

புதிதாக ஆப்பிள் சாற்றுக் கடை போட்டிருக்கும் ஹெஸ்டரிடம் வண்டியை நிறுத்தினேன்.

"சண்டையா அக்கா? உங்க வீட்டுக்காரர் ஏன் அந்த வளைவுலயே நிக்கிறாரு? வந்து சூடா குடிக்கச் சொல்லுங்க," என்று சிரித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். சாலையில் இலைகள் மட்டுமே கிடந்தன.

ஆற்றின் மேல் கூரையும் சுவரும் வைத்துக் கட்டிய மர மூடுபாலத்தைக் கடந்ததும் வண்டியை ஓரம் கட்டிக் காத்திருந்தேன். விளக்கு மறுமுனையில் நுழைந்தது. பலகைகள் தடதடத்தன. காற்றே இல்லை, ஆனாலும் பாலத்துக்குள்ளிருந்து இலைகள் பறந்து வந்து என் காலில் விழுந்தன. வண்டி மட்டும் வெளியே வரவில்லை. சத்தம் என் எதிரில் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது.



"நீங்க போங்க. நான் மெதுவா வர்றேன்," என்று கையைக் காட்டினேன்.

குளிர்ந்த ஏதோ ஒன்று என் தோளை உரசிக்கொண்டு போனது. சத்தம் மலைக்கு அப்பால் தேய்ந்து அடங்கியது.

எத்தனை வருடம் சேர்ந்து ஓட்டினோம்! அவர் என்னை முந்திப் போனது இதுதான் முதல் தடவை.

உன் அம்மா