யானைமுழங்கால் வளைவும் சேவல் முத்திரை வண்டியும்

வாழ்க வெண்பாறை நாடு. வற்றாதிருக்க கன்னலாறு. மலைகளைக் காத்து, மதகுகளை ஆண்டு, குடிகளின் தாகமறிந்து கோலோச்சும் அரசியார் இருங்கோமாள் திருமுன்னர், அரண்மனை வண்டிச்சாலை அதிகாரியும் இவ்வாண்டு ஓட்டத்துக்கு வண்டி தேரும் உரிமை பெற்றவனுமாகிய நெடுந்தத்தன், கழுகுமுனைக் கணவாய்ப் பாசறையிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை வாயிலில் விளக்கு நிலைத்திருக்க. தங்கள் குடிகளின் குடம் நிறைந்திருக்க.

ஓலை எழுதுவோன் அன்று காலையில் செய்தவற்றை முதலில் சொல்ல வேண்டும், தெளிந்த அறிவோடு எழுதினான் என்பது அதனால் விளங்க வேண்டும் என்பது நம் நாட்டு முறை. ஆகவே சொல்கிறேன். விடியுமுன் எழுந்தேன். பல் விளக்கி முகம் கழுவினேன். கொட்டகையிலிருந்து இரண்டு வண்டிகளையும் வெளியே தள்ளி நிறுத்தினேன். டயர்களில் காற்றுப் பார்த்தேன். கறுப்பு வண்டியின் பின் டயரில் சற்றுக் குறைந்திருந்தது, அடித்தேன். செயின்களுக்கு எண்ணெய் விட்டேன். பழங்கஞ்சி குடித்தேன். உப்பு போடாதது பாதியில் தெரிந்தது. மீதியையும் அப்படியே குடித்தேன். சட்டை மாற்றினேன். கள் தொடவில்லை. அழவில்லை. அதற்குப் பின் நடந்ததே இவ்வோலையின் பொருள்.

இவ்வோலை அவையில் படிக்கப்படும் என்பதால், தாங்கள் அறிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன். கன்னலாற்றின் கோடைநீருக்காக நமக்கும் தாழையூர் அரசுக்கும் முன்பு போர் நடந்தது. இரு நாட்டு முன்னோரும் களைத்துப்போய், போருக்குப் பதிலாக ஓட்டம் என்று உடன்பட்டனர். பங்குனி முழுநிலவுக்கு மறுநாள் விடியலில் இரு நாட்டு வீரரும் கணவாயின் உச்சியிலிருந்து இறங்க வேண்டும். முதலில் அடிவாரம் சேர்பவரின் அரசுக்கு ஓராண்டு நீர்ச்சாவி, அதாவது கோடைநீர் உரிமை. முன்னர் குதிரையில் இறங்கினர். இப்போது இருசக்கர மோட்டார் வண்டியில் இறங்குகின்றனர். வண்டியை வீரர் தேர்ந்தெடுப்பதில்லை. அதற்கென ஒருவன் அமர்த்தப்படுகிறான். அவன் முத்திரை டேங்கின்மேல் பதியாத வண்டி கோட்டில் நிற்க முடியாது.

இவ்வாண்டு இத்தாலி தேசத்துப் பட்டறைகள் இரண்டு நமக்கு ஆளுக்கொரு வண்டி அனுப்பின. இரண்டும் ஒரே ஊரில், ஒரே கால்வாயின் இரு கரைகளில் இருப்பவை. ஒரு கரையார் மறுகரையில் பெண் கொடுப்பதில்லை என்கிறார்கள். சேவல் முத்திரை வண்டி சிவப்பு. கொக்கு முத்திரை வண்டி கறுப்பு. சேவலுக்கு முகவர் பெனெதேத்தோ. கொக்குக்கு முகவர் குயிதோ. இருவரும் நம் துறைமுகத்தில் நெடுங்காலம் இருந்து நம் தமிழ் பேசுகிறவர்கள். ஒருவரையொருவர் ஏசுவதும் தமிழில்தான்.

நம் நாட்டு வீரர் சேந்தி. என் மனைவி. சென்ற மாதம் விடியற்பயிற்சியில் சிவப்பு வண்டியில் இரண்டாம் முறை இறங்கியபோது யானைமுழங்கால் வளைவில் விழுந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி படுத்தபடி கிடக்க, எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன். அவள் உயிரோடு இல்லை. சாலையை அன்று நான் பார்க்கவில்லை. வண்டிக்குப் பெரிய சேதமில்லை. கிளட்ச் பிடி ஒடிந்திருந்தது; பின்னர் மாற்றினேன்.

தங்கள் இளவலும் நாட்டின் நீர்நாயகமுமாகிய கொற்றவேளார் அன்று நண்பகலில் வளைவைப் பார்வையிட்டார். கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, சாலை உலர்ந்திருந்தது, ஆகவே வண்டியே கொன்றது என்று அவையில் ஆணையிட்டுச் சொன்னார். தாங்கள் அதை ஏற்று, சேந்திக்கு நடுகல் நாட்டினீர்கள். சேந்தியின் தங்கை வேம்பியை இவ்வாண்டு வீரராக அறிவித்தீர்கள். நேற்று வந்த திருமுகத்தில், சேவல் முத்திரை வண்டியை ஆட்கொல்லி எனத் தீர்ப்பெழுதி, அந்த இனமே நாட்டுக்குள் வராதபடி விலக்கி, கொக்கு முத்திரை வண்டியைத் தேர்ந்து முத்திரையிடுமாறு பணித்தீர்கள். தமக்கையை இழந்த வீடு தங்கையையும் இழக்கலாகாது என்பதே தங்கள் திருவுள்ளம் என்றும் அதில் கண்டிருந்தது. ஓட்டம் நாளை விடியலில்.

தேர்ந்தெடுப்பவன் வீரரின் பின்னிருக்கையில் ஏறி ஒருமுறை கணவாய் இறங்கியாக வேண்டும் என்பதும் முறை. பிறர் உயிரைத் தன் சொல்லில் வைப்பவன் தன் உயிரையும் உடன் வைக்கட்டும் என்று முன்னோர் விதித்தது. சிவப்பில் நேற்று நண்பகல் வேம்பியுடன் இறங்கினேன். அதன் பின்னிருக்கை வெற்றிலைத் தட்டு அளவே இருந்தது. குறை ஒன்றும் காணவில்லை. கறுப்பில் இன்று காலை, வெயில் ஏறுமுன் இறங்கினேன்.

கறுப்பு நல்ல வண்டி. குறுகிய வளைவுகளில் சிவப்பைவிட உள்ளொடுங்கித் திரும்புகிறது. யானைமுழங்கால் வரை ஒன்றும் நேரவில்லை. அங்கே வேம்பி சாய்த்தபோது பின்சக்கரம் இடப்புறம் ஓடிற்று. அவள் காலை ஊன்றினாள். செருப்பு கழன்று பள்ளத்தில் விழுந்தது. வண்டி விளிம்பில் நின்றது. பின்பு அவள் திரும்பாமலே சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “அத்தான், இது சாது வண்டின்னு தானே சொன்னாங்க? இதுவும் கழுத்த ஒடிக்கப் பாக்குதே. இறங்குங்க மொதல்ல.”

இறங்கிச் சாலையில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. பச்சையாகப் பாசி ஒட்டிற்று. நீர் மெல்லிய ஏடுபோல் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. சக்கரம் வாரியடித்த நீர் வண்டியின் கைப்பிடிவரை தெறித்திருந்தது. அது வந்த வழியே மேலே ஏறினேன். அங்குள்ள மதகின் பலகை ஒரு சாண் உயர்த்தப்பட்டிருந்தது. அந்த நீர் சாலையைக் கடந்து, கீழே கொற்றவேளாரின் யானைகள் குளிக்கும் குளத்தில் இறங்குகிறது. மதகுக் காவலனைக் கேட்டேன். அவன் சொன்னது: “ராவுல தொறந்து வுட்டுட்டு வெயில் ஏறுனதும் மூடிரணும்னு நீர்நாயகப் பெரியவரு உத்தரவுங்க. ஊரே தண்ணிக்கு அலையுற நாளுல பகல்ல தொறந்தா நாலு பேரு பாப்பாங்கல்ல?” எவ்வளவு காலமாக என்றேன். மாசி பிறந்ததிலிருந்து என்றான். இப்போதே மூடு என்றேன். “நீங்க வண்டிக்குத்தான் அதிகாரி, மதகுக்கு இல்லீங்களே. அரசியாரு மோதிரத்தக் காட்டுங்க, மூடுறேன்” என்றான். அவன் சொன்னது முறைதான்.

வெயில் ஏறியபின் மறுபடி வந்து பார்த்தேன். பலகை இறக்கப்பட்டிருந்தது. நண்பகலில் சாலை உலர்ந்து, பாசி பொடியாகி, தூசுபோல் கிடந்தது. கொற்றவேளார் பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை. நண்பகலில் பார்த்தார் என்று எழுதுகிறேன்.

முகவர் இருவரைப் பற்றியும் அவை அறிய வேண்டும். சேந்தி இறந்த அன்று குயிதோ என்னிடம் சொன்னது: “சேவல் வண்டிய நம்பி ஏறுனா இதுதான் கதி. ரோடு என்ன பண்ணும் பாவம்?” பெனெதேத்தோ சொன்னது: “எங்க வண்டிமேல சத்தியமா குத்தம் இல்ல. ரோட்டப் போய்ப் பாருங்கய்யா.” இன்று கறுப்பும் வழுக்கியது என்று சொன்னதும் குயிதோ துள்ளி எழுந்து, “ரோடு அப்பிடி இருந்தா வண்டி என்ன பண்ணும்?” என்றார். பெனெதேத்தோ தொடையைத் தட்டிச் சிரித்து, “ரோடு தங்கமான ரோடு! கொக்குக்கு ஒத்தக் கால்ல நிக்கத்தான் தெரியும், வளைவுல ஓடத் தெரியாது” என்றார். இருவரையும் அழைத்துப்போய், நீர் நிற்குமுன் வளைவைக் காட்டினேன். குனிந்து தொட்டார்கள். அதன்பின் ஏச்சு இல்லை. பெனெதேத்தோவின் கழுதை மேட்டில் நொண்டியதால், குயிதோ அவரைத் தம் கழுதையில் ஏற்றித் தாம் நடந்து வந்தார்.

அரசியாரே, தாங்கள் என்மீது இரங்கியே நேற்றைய திருமுகத்தை விடுத்தீர்கள் என்பதை அறிவேன். இரக்கத்துக்கு வணக்கம். ஆனால் நான் அதன்படி எழுதினால், சாலையைப் பற்றிய கேள்வி இன்றோடு முடிந்துவிடும். இன்றிரவும் பலகை உயரும். நாளை விடியலில் வேம்பி அந்தப் பாசியின்மேல் முழு வேகத்தில் வருவாள். பயிற்சியில் காலை ஊன்ற முடிந்தது. ஓட்டத்தில் முடியாது. சிவப்பானாலும் கறுப்பானாலும் பள்ளம் ஒன்றே.

ஆகவே என் தேர்வைச் சொல்கிறேன். சேவல் முத்திரை வண்டி ஆட்கொல்லி அன்று. அதைக் குற்றமற்றதெனத் தீர்க்கிறேன். நாளைய ஓட்டத்துக்கும் அதையே தேர்கிறேன். கறுப்பு வண்டி திரும்புவதில் சிறந்தது. ஆனால் அதன் பிரேக் பிடியை அழுத்த வேம்பிக்கு நான்கு விரலும் வேண்டியிருக்கிறது. அவள் கை சிறியது. சிவப்பில் இரண்டு விரல் போதும். இறக்கத்தில் வேகத்தை மலை தந்துவிடும்; நிறுத்தத்தை வண்டிதான் தர வேண்டும். வேம்பியைக் கேட்டேன். “பயமாத்தான் இருக்கு அத்தான். அக்கா விழுந்த வண்டில ஏற யாருக்குப் பயமா இருக்காது? ஆனா அதுதான் சொன்ன இடத்துல நிக்குது. தண்ணிய மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றாள்.

இனி வேண்டுகோள். ஓலை கொணரும் வீரனிடம் தங்கள் கணையாழியைத் தந்தருள்க. இன்று பொழுது சாயுமுன் மதகின் பலகை இறக்கப்பட்டு, ஆணி அறைந்து, விடியும்வரை தங்கள் மெய்க்காவலர் அங்கே நிற்க வேண்டும். சாலை தேய்த்துக் கழுவி உலர்ந்தபின் சாம்பலும் மணலும் இட வேண்டும். என் உள்ளங்கையை மறுபடி சாலையில் வைத்துப் பார்ப்பேன். உலர்ந்திருந்தால் வண்டியில் முத்திரை பதியும். இல்லையேல் பதியாது. முத்திரை என் இடுப்பில் இருக்கிறது. பதியாவிட்டால் நம் வண்டி கோட்டில் நிற்காது, ஓராண்டு நீர் தாழையூருக்குப் போகும், நம் வயல்கள் காயும் என்பதை அறிவேன். அந்தப் பழியும் அதற்குரிய தண்டனையும் என்னுடையவை. ஓடமாட்டேன். வண்டிச்சாலையிலேயே இருப்பேன்.

அரசகுலத்தார் ஆணையிட்ட சொல்லை மறுத்து ஓலை விடுப்பவன் சாட்சி காட்ட வேண்டும். உயிரோடிருப்போர் சாட்சி அதற்குச் செல்லாது. என் சொல்லும் வேம்பி சொல்லும் காவலன் சொல்லும் செல்லா. இறந்தோரின் கடைசிச் சொல் செல்லும், அவர்கள் இனிப் பெறுவதற்கு ஒன்றுமில்லை என்பதால். அதை முத்திரைக்குக் கீழே எழுத வேண்டும் என்பது விதி. ‘நீர் நமதே’ என்று முழங்கி வீழ்ந்தாள் எனச் சேந்தியின் நடுகல்லில் வெட்டியிருக்கிறது. அவள் அப்படி முழங்கவில்லை. முதல் முறை இறங்கி மேலே ஏறி வந்து, இரண்டாம் முறை புறப்படுமுன், வண்டியை அணைக்காமலே என்னிடம் ஒன்று சொன்னாள். அதுவே கடைசி. அன்று மழை இல்லை. பனியும் இல்லை.

கண்டவுடன் அருள்க. கணம் தாழாது ஆணையிடுக. கன்னலாறு சான்றாக, நெடுந்தத்தன் கைச்சாத்து. வண்டிச்சாலை முத்திரை இட்டது.

முத்திரைக்குக் கீழே, சேந்தி சொன்னது:

“ஏங்க, உங்க கையுறையக் கழட்டிக் குடுங்க. என்னுது ரெண்டும் நனஞ்சு போச்சு.”