முக்கால் கப் சர்க்கரை

ஜெர்சி சிட்டி
16-3-98

அன்பு கலாவதி,

நீ நலமா? பிரீத்திக்கு இருமல் விட்டதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பருப்புப் பொடிதான் தீர்ந்துவிட்டது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். என்னோடு தங்கியிருக்கும் ஜம்புநாதன் உன் போன கடிதத்தை எனக்கு முன்பே பிரித்து, நண்பர்கள் நடுவில் பெண்குரலில் இழுத்து இழுத்துப் படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். பாட்டிலில் அடைக்குமுன் சர்க்கரையைக் கரைத்து ஊற்றினால்தான் இரண்டு வாரத்தில் நுரை கட்டுமாம். "மாறா, நீ குடிக்காதவன், உன் கைதான் கரெக்டா அளக்கும். முக்கால் கப் போதும், ஜாஸ்தியானா பாட்டில் வெடிச்சிடும்" என்று அந்த வேலையை என்னிடம் விட்டான். இரண்டு கப் போடத்தான் கை பரபரத்தது. கண்ணாடி யார் கண்ணிலாவது தெறித்தால் என்று அடக்கிக்கொண்டேன். சர்க்கரையை எடுத்து வைத்துக்கொண்டு, வெறும் வெந்நீரை ஊற்றிக் கலக்கினேன்.

முந்தாநாள் அவன் தன் மேனேஜரை விருந்துக்கு அழைத்திருந்தான். பன்னிரண்டு பாட்டில் திறந்தான். ஒன்றிலும் 'உஸ்' என்று ஒரு சத்தம் இல்லை. மேனேஜர் ஒரு வாய் குடித்துவிட்டு, தண்ணீர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவனுடைய அந்தச் சர்க்கரையில்தான் தினமும் காபி குடிக்கிறேன்.

பருப்புப் பொடியை ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பு. கூடவே, போன கடிதத்தில் எழுதியதையே ஞாபகம் இருக்கிறவரை மறுபடி எழுதி வை. அந்தப் பழைய கடிதத்தை எப்போது எடுத்துப் படித்தாலும் அவன் குரல்தான் கேட்கிறது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

உன்
இளமாறன்