எலிகளுக்கு வைத்த செம்புத் தண்ணீர்

செவ்வாய், புரட்டாசி 7

ஆறு வாரமாக எலிகளின் தீனியில் செம்புச் சத்தே இல்லை. இந்நேரம் எல்லாமே வெளிறியிருக்க வேண்டும். செம்பு இல்லாவிட்டால் ஈரலில் இருக்கும் இரும்பு இரத்தத்துக்கு வராது. என் ஆய்வே அதுதான். பரளச்சி கிராமத்தில் இரும்பு மாத்திரை தின்றும் சோகை தீராத பெண்களை நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன். இன்று இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு எலிக்கும் சோகை இல்லை.

காரணம் மதியம் தெரிந்தது. கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் மாரியக்கா, வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்புக் குடத்திலிருந்து எலிகளின் புட்டிகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதில் கரையும் செம்பே அவற்றுக்குப் போதும்.

"நீங்க குடுக்கிற காய்ச்சி வடிச்ச தண்ணி சப்புன்னு இருக்கு தாயி. பாவம், வாயில்லாச் சீவனுக. அதான் சாயங்காலமே கொடத்துல ஊத்தி வச்சிட்டுப் போவேன்."

கோபம் தலைக்கேறியது. ஆனால் யாரைத் திட்டுவது? தீனியை மாற்றாதீங்க என்று நூறு முறை சொன்ன நான், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேராசிரியரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். திங்கள்கிழமை புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்குகிறேன். இனித் தண்ணீர் என் கையால்தான்.

அக்காவிடம் சொன்னேன். குடத்தில் மீந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேட்டார்.

"அதுக வெளிறிப் போகணும்னுதான் ஊத்தப் போறீகளா?"

"ஆமாக்கா."

"அப்ப ஊத்தையில அதுக மூஞ்சியப் பாத்துறாதீக தாயி. கை வராது."

பார்க்காமல் எப்படி? வெளிறுகிறதா என்று அந்த மூஞ்சியில்தானே தினமும் பார்த்தாக வேண்டும்.