நீ அனுப்பிய அந்நியர்கள்

இல்லை, கேமராவை இன்னும் விற்கவில்லை. நீ இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய். விற்றுவிடலாம் என்றுதான் இன்று காலை பையைத் திறந்தேன். திறந்தவுடனே உன் கடை வாசனை. ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளின் வாசனை. பண்டல் கடையில் வேலை செய்கிறவன் குளித்தாலும் போகாத அந்த மருந்து நெடி. பைக்குள்ளே மெத்தென்று இருக்கட்டும் என்று ஒரு கிழிந்த கோர்டுராய் கோட்டை வெட்டித் தைத்துக் கொடுத்தவன் நீ. "கேமராவுக்கு குளிரும்லா மச்சான், போர்வ போத்தி வை" என்றாய். நான் சிரித்தேன். அப்போது நீ சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்தேன். எல்லாவற்றையும் நம்பினேன்.

இறந்து போனவன் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அவர்கள் உன்னிடம் ஏமாறவில்லை.

நம் ஊர் மாசாயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாருக்கு வருவோம். சிங்கப்பூர்க்காரர்கள் காப்பி குடிக்க வந்து குவியும் அந்தப் பழைய கடைத்தெருக்களில் சுற்றுவோம். பழைய காலத்து உடையில் அழகாக நடந்து போகிற ஆள் வேண்டும். நமக்கு முன்பின் தெரியாத ஆளாக இருக்க வேண்டும். பேர் கேட்கக் கூடாது, இப்படி நில் அப்படி நில் என்று சொல்லக் கூடாது. எடுத்த பிறகு படத்தைக் காட்டி, போடலாமா என்று மட்டும் கேட்போம். தலையசைத்தால் நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏற்றுவோம். இந்தச் சட்டமெல்லாம் நான் போட்டது. நீ எல்லாவற்றுக்கும் "சரி பாஸ்" என்றாய். ஆள் யாரென்று தெரியாததுதான் இதில் அழகு என்று நான் பெரிய மேதை மாதிரி அளப்பேன். நீ ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டு கேட்பாய்.

எந்த முனையில் நிற்பது என்பதை மட்டும் நீ முடிவு செய்வாய். "இன்னிக்கு இந்தப் பக்கம் வெயில் நல்லா விழுதுடா, இங்கயே இரு." இருப்போம். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வருவார். சந்தன நிற சஃபாரி சூட், தங்க ஃப்ரேம் கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பையில் சீப்பு. நான்தான் முதலில் பார்ப்பேன். உன் தோளில் அடிப்பேன். நீ போனிலிருந்து தலையைத் தூக்கி, "எங்கடா? எங்க? அலமாக், இந்த மாதிரி ஆளெல்லாம் உன் கண்ணுக்கு மட்டும் எப்படிடா படுறாங்க!" என்பாய்.

அந்த சஃபாரி சூட் படம்தான் நம்மை வெளியே தெரியவைத்தது. பிறகு புள்ளி போட்ட ரவிக்கையும் பூனைக்கண் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. பெரிய காலர் சட்டையும் பெல்பாட்டமுமாக ஒரு பையன். தொப்பி வைத்த ஒரு பெரியவர். "செம கண்ணு ப்ரோ" என்று யார் யாரோ எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாலிடெக்னிக்கை விட்டுவிடுகிறேன், இனி இதுதான் என்று வீட்டில் சொன்னேன்.

அப்பா கத்திய அன்று நீ எங்கள் வீட்டு வாசலில் ஹெல்மெட்டும் கையுமாக நின்றாய். "படிப்ப விட்டுட்டு என்னா செய்யப் போற? ரோட்டுல போறவன் வர்றவன படம் புடிச்சா சோறு வருமா?" என்றார். பிறகு உன் பக்கம் திரும்பினார். பள்ளி முடித்தவுடனே வேலைக்குப் போனவன் என்று உன் மேல் அவருக்கு ஒரு மரியாதை. "நீ சொல்லுப்பா. இவனுக்கு உண்மையிலயே இது வருதா, இல்ல சும்மா ஆட்டம் போடுறானா?"

நீ யோசித்தாய். அதை நான் பார்த்தேன். ஹெல்மெட் வாரை ஒருமுறை இழுத்து விட்டாய். பிறகு சொன்னாய்: "அங்கிள், நானும் கூடத்தான் நிக்கிறேன். எனக்கு ஒன்னும் தெரிய மாட்டேங்குது, இவன் கண்டுபுடிக்கிறான். விடுங்க அங்கிள், இவன் மேல வருவான்."

அப்பா உன்னை நம்பி, சரியென்று உள்ளே போய்விட்டார். நான் படிப்பை விட்டேன்.

உனக்குக் காய்ச்சல் வந்தபோது, "இந்த வாரம் முடியாதுடா, நீ போ, நல்ல ஆளு மாட்டும்" என்று செய்தி அனுப்பியிருந்தாய். போனேன். அன்று முழுக்க ஒருவர்கூட வரவில்லை. ஷார்ட்ஸ், ரப்பர் ஜப்பான் செருப்பு, கால்பந்து ஜெர்சி. தெருவே என்னைக் கைவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் புலம்பலைச் சொல்லத்தான் உன்னை அழைத்தேன். உன் அம்மா போனை எடுத்தார். டிங்கிக் கொசுக்காய்ச்சல் என்றார். நீ போய்விட்டாய் என்றார்.

கருமாதிக்கு உங்கள் அடுக்குமாடிக்குக் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். ஒருவர் தொழிற்சாலை டீ-சட்டையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்! எழுந்து போனேன்.

"நீங்க... சஃபாரி சூட்?"

அவர் சிரித்துவிட்டார். இழவு வீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். "ஆமா தம்பி. மணியம். மூணாவது மாடி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன். அந்தச் சூட்ட மாட்டிவிட்டு வெயில்ல ரெண்டு சுத்து நடக்க விட்டான்லா. மொத சுத்துல நீங்க வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்தீங்க!"

"அவனா உங்கள அனுப்புனான்?"

அவர் முகம் மாறியது. வடைத் தட்டோடு வந்த பெண்மணியைப் பார்த்து, "செல்வி, தம்பிக்குத் தெரியாதாம்" என்றார். பூனைக்கண் கண்ணாடி இல்லாவிட்டாலும் எனக்கு அவரைத் தெரிந்தது.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா அண்ணே" என்றார் செல்வி.

நான் விடவில்லை. மணியம் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார். "அவன்தான் கடையில நல்லதா துணி வந்தா எடுத்துட்டு வந்து போட்டுப் பாக்கச் சொல்லுவான். அளவுக்குப் புடிப்பான், வெட்டுவான், தைப்பான். 'அங்கிள், நம்ம ஆளு ரெண்டு வாரமா ஒன்னும் கெடைக்காம செத்தவன் மாதிரி இருக்கான், இந்த ஞாயிறு ஒரு நட போய்ட்டு வாங்க'ன்னுவான். கேமராவ பாக்காத மாதிரி நடக்கணும், அதான் கண்டிஷன். நாங்களும் வெளையாட்டுன்னு போனோம். அந்தச் சப்பாத்து இருக்கே, ரெண்டு கலர்ல, எனக்குப் பெருசு தம்பி, பேப்பர் சொருகி விட்டான். பெல்பாட்டம் போட்ட என் மவனுக்கு சின்னது, காலு புண்ணாயிடுச்சு."

போனை எடுத்துப் பார்த்தேன். சஃபாரி சூட்டின் கீழே பழுப்பும் வெள்ளையும் கலந்த சப்பாத்து. பெல்பாட்டத்தின் நுனியில் அதே சப்பாத்து. தொப்பிப் பெரியவர் காலிலும் அதேதான். ஊரே பாராட்டிய கண்! மூன்று பேர் ஒரே ஜோடியில் என் முன்னால் நடந்து போயிருக்கிறார்கள்.

அப்போது உன் அம்மா வந்து என் கையைப் பிடித்தார். "நீ எடுத்த படத்தையே எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டுத் திரிவான்யா. சாப்பிட்டியா?" என்றார். அவரிடம் என்ன கேட்பது? சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நீ எனக்காகச் செய்தாய் என்கிறார்கள். இருக்கலாம். துணியைத் தேர்ந்தெடுத்தது நீ, ஆளைத் தேர்ந்தெடுத்தது நீ, வெயில் விழும் இடத்தைக்கூட நீதான் தேர்ந்தெடுத்தாய். அது உன் கைவேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேர் பெயரையும் போட்டிருப்பேன். பெருமையாகப் போட்டிருப்பேன். சொல்ல உனக்கு மனம் வரவில்லை, சரி. ஆனால் அப்பா கேட்டாரே. உன்னை நம்பிக் கேட்டார். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் உன்னை அடித்திருப்பேன். கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு வகுப்புக்குப் போயிருப்பேன். ஹெல்மெட் வாரை இழுத்துக்கொண்டு என்னடா யோசித்தாய்? இதைக் கேட்க உன்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. நீயோ எனக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டாய்.

அப்பா இன்றும் உன்னைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார். "அந்தப் பையன் பொய் பேச மாட்டான்" என்கிறார். நான் மறுப்பதில்லை. நீ விட்டுப்போன பொய்யை நான் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான். இப்போது தெருவில் யாராவது அழகாக உடுத்திக்கொண்டு வந்தால், எனக்கு முகம் தெரிவதில்லை. இவரை யார் அனுப்பியது என்றுதான் தோன்றுகிறது.

போன வாரம் மணியத்தின் வீட்டுக்குப் போய் எல்லாப் படங்களையும் காட்டினேன். இது நாலாவது மாடி, இது செல்வி தங்கச்சி, இது பழைய டியூஷன் வாத்தியார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றில் நின்றார். மஞ்சள் குடைப்பாவாடை, ஆண்கள் போடும் வெள்ளைச் சட்டை, தாடைக்குக் கீழே முடிந்த தலைத்துணி, கையில் கீரைப் பை. கேமராவை நேராகப் பார்த்து முறைக்கிறாள். "இது யாருன்னு தெரியலியே தம்பி" என்றார். செல்வியைக் கூப்பிட்டார். அவருக்கும் தெரியவில்லை. மாடி மாடியாகக் காட்டினோம். யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் படத்தை எடுத்தபோது நீ போனைக் கீழே போட்டாய். நினைவிருக்கிறதா? "இத போடாதடா, மொறைக்கிறா பாரு" என்றாய். அவள் முறைத்தபடியே தலையசைத்தாள், நான் உன் பேச்சைக் கேட்காமல் போட்டேன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நீ உண்மையிலேயே திடுக்கிட்டாயா, அதுவும் நடிப்பா? உன் விஷயத்தில் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால்தான் ஜொகூர் பாருவில் ஜாலான் த்ருஸ் தெருப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து போனில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரச் சீன அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு இந்த வழியாகத்தான் வருவாளாம். உன் பெயரைச் சொல்லிக் கேட்கப் போகிறேன். தெரியும் என்றால், எனக்கென்று ஒரு படம்கூட மிச்சமில்லை. தெரியாது என்றால்...

கடைக்கார அம்மா சாடை காட்டுகிறார். எதிர்ப்பக்கம். இன்று நீலப் பாவாடை, ஆனால் அதே முறைப்பு. சாலையைக் கடந்து சந்துக்குள் திரும்புகிறாள். நான் போக வேண்டும்.