முகூர்த்த நேரத்தில் என் மூக்கைப் பிடித்தவளுக்கு

இன்று திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். ஓமப்புகை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் கல்யாண மண்டபத்தில் உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, பெருமைதான் வருகிறது.

விழுப்புரத்தில் என் கல்யாணம். வைகாசி வெயில், முகத்துக்கு நேரே புகை. மணையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்குச் சில்லுமூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. கூரைப்புடவையில் பட்டுவிடுமே என்று ஆளாளுக்கு என் தலையை அண்ணாத்திப் பிடித்தார்கள். புடவை தப்பியது. ரத்தமெல்லாம் தொண்டைக்குள் இறங்கி எனக்குக் குமட்டியது. "சகுனம் சரியில்ல, வேற நாள் பாத்துக்கலாம்" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். அப்பா முகம் செத்துப்போனது.

பூத்தட்டை யார் கையிலோ திணித்துவிட்டு நீ மேடையேறினாய். நாம் ஒன்றாகப் படித்த பள்ளிக்கூட நாளிலிருந்தே உனக்கு மூக்கில் ரத்தம் வரும். அந்த விஷயத்தில் உன்னை மிஞ்ச அங்கே யார் இருந்தார்கள்?

"அண்ணாத்தாதீங்க! முன்னால குனிடி. வாயால மூச்சு வுடு. தொண்டைக்கு வந்தா முழுங்காத, துப்பு."

மடியில் ஒரு துண்டைப் போட்டாய். மூக்கெலும்புக்குக் கீழே, மெத்தென்று இருக்கும் இடத்தை இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாய். என் மூக்குத்தி உன் விரலைக் குத்திக்கொண்டிருந்தது.

"நின்னுச்சா இன்னான்னு வுட்டுப் பாரும்மா" என்றார் அப்பா.

"பத்து நிமிஷம் ஆவட்டும்ங்க. நடுவுல வுட்டுப் பாத்தா மறுபடியும் ஊத்தும்."

"முகூர்த்தம் முடியப்போவுதும்மா, ஜல்தி வுடு!" என்று ஐயர் பதறினார்.

"தாலிய கழுத்துலதானங்க கட்டணும்? மூக்கு என்கிட்டயே இருக்கட்டும். கட்டச் சொல்லுங்க."

மண்டபமே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் உன் முழங்கைக்கு அடியில் கையை விட்டு முடிச்சுப் போட்டார். நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடும்போதும் நீ கையை எடுக்கவில்லை. எடுத்தபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

பந்தியில் ரசத்தைப் பிசைந்தபடி உத்தரவு போட்டாய்: "வெயில் காலத்துல மூக்குக்குள்ள லேசா வாசலின் தடவிக்கோ, காயவுடாத. நோண்டாத. அரை மணி நேரம் புடிச்சிக்கினு இருந்தும் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடு."

தாலி ஏறும் படத்தில் உன் கை என் பாதி முகத்தை மறைத்திருக்கிறது. வேறு நல்ல படமாக மாட்டச் சொன்னார்கள். நான் இதைத்தான் கூடத்தில் மாட்டினேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் இது யார் கை என்று கேட்கிறார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்கிறார்: "அந்தக் கை இல்லன்னா அன்னிக்கு எனக்குக் கல்யாணமே இல்லங்க."